பிளேடு அக்காவும் நானூற்றுப் பன்னிரண்டாம் குழியும்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பிளேடு அக்கா என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும், ஐயோ, பேசிப் பேசியே ஆளைக் கொல்கிறவர் போலிருக்கிறது என்று பயந்து தள்ளியே நிற்பார்கள். ஒரு வாரத்தில் விஷயம் புரிந்துவிடும். அக்கா சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் அதுதான் அன்றைய செய்தி. பிளேடு என்பது அவர் கையிலிருந்த நிஜமான பிளேடு. மெழுகில் பதித்த மனிதக் கணையத்தைத் தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கமே விழாமல் ஸ்லைடு எனும் கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுப்பது அவர் வேலை. அந்த மெல்லிய துண்டு தண்ணீரில் விரியும்போது யாராவது தும்மினால் போதும், அக்கா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். தும்மியவர் அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் வரமாட்டார்.

நான் அதே மாடியில் மைக்ரோஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்கிற ஆள். நாள் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதால் எனக்கு ‘இருட்டு’ என்று பெயர் வைத்ததே அக்காதான். அவர் சாயமேற்றிய சில்லுகள் என் அறைக்குத்தான் படம் பிடிக்க வரும். அப்படித்தான் பழக்கம். இங்கே நான் சொல்வதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி, பின்னால் அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

அக்காவுக்கு ஒரே தம்பி. வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற, வண்ணம் பூசுகிற பெயிண்டர். ஒன்பது வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. உடம்பே தன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தேடித் தேடி அழித்துவிடுகிற வகை. அதற்கு மாத்திரை கிடையாது, ஊசிதான், தினமும், ஆயுசுக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போடக் கற்றுக்கொடுத்தபோது அவர்கள் அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். பதினாறு வயது அக்கா ஓர் ஆரஞ்சுப் பழத்தை வாங்கி அதில் ஏழெட்டு முறை குத்திப் பார்த்தார். பிறகு தம்பியின் தொடையில் போட்டார்.

“வலிச்சுதாடா?”

“பழத்தைக் கேளு,” என்றானாம் அவன்.

அன்றிலிருந்து அவன் தனக்குத்தானே போட்டுக்கொள்ளப் பழகுகிற வரையில் ஐந்து வருஷம், காலையும் மாலையும் அக்காதான். அதற்குள் கை நடுங்காத பெண் என்று பெயரெடுத்துவிட்டார். ஆய்வகப் படிப்பு இரண்டு வருஷம் படித்து, ஆஸ்பத்திரியில் கட்டிகளைச் சீவும் வேலைக்குப் போய், பதினான்கு வருஷம் கழித்து எங்கள் இடத்துக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “வந்தவங்க எல்லாம் என்னைவிட அதிகமா பேசினாங்க,” என்பார், யாராவது கேட்டால். தம்பியும் தம்பி மனைவியும் கீழே, அக்கா மாடியில், ஒரே வீடு. கீழே சமைத்தால் மேலே ஒரு டிபன் கேரியர் வந்துவிடும்.

எங்கள் கூடத்தின் வேலையே கணையத்தைப் பற்றியதுதான். இறந்துபோனவர்களின் குடும்பத்தார் மனமுவந்து ஆராய்ச்சிக்குத் தந்த கணையங்கள் பனிக்கட்டிப் பெட்டியில் வரும். பெயர் வராது, எண், வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை இருந்ததா, இருந்தால் எத்தனை வருஷம், அவ்வளவுதான் வரும். கணையத்தின் பெரும்பகுதி சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் சாற்றைச் சுரக்கிறது. அதற்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்னத் திட்டுகள். திட்டுக்குள் பலவகைச் செல்கள். அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று இன்சுலின் சுரந்து சர்க்கரையை இறக்கும். இன்னொன்று குளூகோகான் சுரந்து சர்க்கரையை ஏற்றும். சும்மா பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. எது எந்த வகை என்று கண்டுபிடிக்கத்தான் ஆன்டிபாடி. பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருக்கும். ஒரு குறிப்பிட்ட செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. அதன்மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால், ஒட்டிய செல் மட்டும் இருட்டில் மின்னும்.

எங்கள் டாக்டரம்மா, அதாவது கூடத்தின் தலைவி, கடையில் விற்கிற ஆன்டிபாடிகளை நம்பி இருக்காமல் சொந்தமாக ஒன்று உண்டாக்க நினைத்தார். செல்லுக்கு உள்ளே இருக்கும் இன்சுலினைப் பிடிக்கிற ஆன்டிபாடி ஏற்கெனவே உண்டு. ஆனால் அதை உள்ளே அனுப்ப, செல்லைக் கொன்று ஓட்டை போட வேண்டும். செல்லின் வெளித்தோலில் ஒட்டுகிற ஆன்டிபாடி கிடைத்தால், உயிரோடு இருக்கும் செல்லையே தனியாகப் பொறுக்கி எடுக்கலாம். எலிக்கு மனிதத் திட்டுச் செல்களைக் கொடுத்து, எலியின் உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடிகளை வகைவகையாகப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டுகளில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் வளர்த்தார்கள். மொத்தம் ஆயிரத்து நூறு குழிகள். எந்தக் குழியில் இருப்பது எதில் ஒட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கணையத் துண்டின்மேல் ஊற்றிப் பார்க்க வேண்டும். பார்த்தவர் அக்கா. ஏழு மாதம். பெரும்பாலானவை எதிலும் ஒட்டவில்லை. சில எல்லாவற்றிலும் ஒட்டின. நானூற்றுப் பன்னிரண்டாம் குழி மட்டும் திட்டுகளை மட்டும் பச்சையாக எரிய வைத்தது. அதுவும் இன்சுலின் செல்களாகப் பார்த்து. அக்கா அன்று என் அறைக்கதவைத் தட்டி, “இருட்டு, வந்து பாரு,” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஆன்டிபாடியை எடுத்து மேற்கொண்டு வேலை செய்யும் பொறுப்பு ஓர் இளம் ஆராய்ச்சியாளருக்குப் போனது. அவருக்கு அக்கா வைத்த பெயர் ‘அவசரம்’. கெட்டவர் இல்லை. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறுவார், டீயை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்து உழைத்தார். ஒருநாள் சர்க்கரை நோயாளி ஒருவரின் கணையத் துண்டில் நானூற்றுப் பன்னிரண்டைப் போட்டுப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் ஊசி போட்டுக்கொண்டு வாழ்ந்தவர் அவர். இன்சுலினுக்கான சிவப்புச் சாயம் அதில் துளிகூட இல்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பச்சை இருந்தது. திட்டுக்குத் திட்டு, கொத்துக் கொத்தாக.

“செத்துப்போகல!” என்று அவசரம் வராந்தாவில் ஓடினார். “தூங்குது! இன்சுலின் செல் எல்லாம் உள்ளேயே தூங்கிக்கிட்டிருக்கு!”

அழிந்துவிட்டதாக உலகம் நினைக்கும் செல்கள் இன்சுலின் சுரக்க மறந்து உயிரோடு கிடக்கின்றன, எழுப்பினால் எழும். அதுதான் அவருடைய விளக்கம். டாக்டரம்மா இரண்டு மூன்று கேள்வி கேட்டார், பிறகு அவர் முகமும் மலர்ந்துவிட்டது. நான்கு வாரத்தில் கட்டுரையை அனுப்பிவிடுவது என்று முடிவானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழ்வீட்டில் சாப்பிடும்போது, வாழ்நாளில் வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறக்காத பிளேடு அக்கா திறந்துவிட்டார்.

“உன்னை மாதிரி ஆளுங்களுக்கு அந்த செல்லு சாகலையாம்டா. தூங்குதாம்.”

தம்பி சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தான். “யாரு சொன்னது?”

“நான் வெட்டின துண்டுல தெரிஞ்சுது. நானே பார்த்தேன்.”

தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணி, அப்போ எழுப்பிடலாமா?”

“எழுப்பறதுக்கு வருஷமாகும். ஆனா இருக்கு.”

தம்பி சிரித்தான். “முப்பத்தாறு வருஷமா தூங்குதா? என்னைவிட சோம்பேறியா இருக்கும் போலிருக்கே.” ஆனால் அன்று மாலை மாடிப்படியில் உட்கார்ந்து, தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தானாம். அக்கா மேலிருந்து பார்த்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை. கட்டுரைக்குப் படங்கள் இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று அவசரம் கேட்க, அக்கா புதுத் துண்டுகள் சீவிச் சாயமேற்றி எடுத்து வந்தார். அவசரம் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். நானும் அக்காவும் மட்டும் படம் பிடித்தோம். முதலில் நோயில்லாதவர் கணையம். பிறகு சர்க்கரைக்காரர் கணையம். கேமராவின் எண்ணை மாற்றினேன்.

“எதுக்கு மாத்தற?” என்றார் அக்கா.

“சர்க்கரைக்கு அறுநூறு வைக்கச் சொல்லியிருக்காரு. நல்லதுக்கு எண்பதே போதும், இல்லாட்டி கண்ணு கூசும்.”

கேமரா எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்து ஒளியை வாங்குகிறது என்பதுதான் அந்த எண். அறுநூறு என்றால் எண்பதைப்போல ஏழரை மடங்கு நேரம். மங்கலாக இருப்பதும் பளிச்சென்று தெரியும். நான் தினமும் செய்கிற காரியம், எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா திரைப் பக்கம் குனிந்தார். “நல்லதுக்கும் அறுநூறு வையேன்.”

வைத்தேன். எதிர்பார்த்ததுபோல இன்சுலின் செல்கள் கண்ணைப் பறிக்கிற வெள்ளையாகப் பொசுங்கித் தெரிந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே, எண்பதில் வெறும் கறுப்பாக இருந்த இடத்திலெல்லாம், வேறு செல்கள் பச்சையாகத் தெரிந்தன. மங்கலான, அமைதியான பச்சை. சர்க்கரைக்காரர் படத்தில் நாங்கள் பார்த்துக் கொண்டாடிய அதே பச்சை.

“அக்கா…” என்றேன்.

“ம்,” என்றார். சில்லுகளைப் பெட்டியில் அடுக்கினார். ஒன்றைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை.

அவர் மனதில் ஓடியது இதுதான். நானூற்றுப் பன்னிரண்டு இன்சுலின் செல்லில் மட்டும் ஒட்டவில்லை. பக்கத்துக் குளூகோகான் செல்லிலும் லேசாக ஒட்டுகிறது. நல்ல கணையத்தில் இன்சுலின் செல்லின் பிரகாசத்தில் அந்த லேசான பச்சை மறைந்துவிடுகிறது. சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் செல் இல்லை, குளூகோகான் செல் மட்டும் மிச்சம். அதை அறுநூறு வைத்துப் பளிச்சென்று காட்டி, தூங்குகிறது என்று நாம் பெயர் வைத்துவிட்டோம்.

இதை ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை என்றால், அதற்கும் காரணம் இருந்தது. எங்களிடமிருந்த குளூகோகான் ஆன்டிபாடியும் எலியில் உண்டானது. சாயத்தைச் சுமந்துவந்து முதல் ஆன்டிபாடியின்மேல் ஏற்றுவது இரண்டாவது ஆன்டிபாடி ஒன்று; அது எலியில் உண்டானது எதுவானாலும் அதன்மேல் போய் ஒட்டும். இது நானூற்றுப் பன்னிரண்டா, அதுவா என்று அதற்குத் தெரியாது. அதனால் இரண்டையும் ஒரே துண்டில் போட முடியவில்லை. அக்கா இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனார். அங்கே இன்னொரு ஆராய்ச்சிக்கூடத்தில் முயலில் உண்டாக்கிய குளூகோகான் ஆன்டிபாடி இருந்தது. ஒரு சொட்டு கேட்டு வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை மாலை துண்டுகளின்மேல் எல்லாவற்றையும் ஊற்றிக் குளிர் அறையில் ஊற வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்.

சிவப்பு இன்சுலின். பச்சை நானூற்றுப் பன்னிரண்டு. நீலம் குளூகோகான். சர்க்கரைக்காரரின் துண்டில் பச்சை இருந்த ஒவ்வொரு செல்லிலும் நீலம் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. இன்னும் மூன்று நோயாளிகளின் துண்டுகளையும் தயாராக வைத்திருந்தார். அவற்றிலும் அதே கதை.

“ரெண்டாவது தடவை போட்டுப் பார்க்கலாமா?” என்றேன்.

“பார்க்கலாம். இதேதான் வரும்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “வீட்ல வேற சொல்லித் தொலைச்சிட்டேன்,” என்றார் மெதுவாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே, “அண்ணி, அந்தத் தூங்கற செல்லு எப்படி இருக்கு?” என்று கேட்டாளாம், ஊருக்குப் போன உறவுக்காரரை விசாரிப்பதுபோல. அக்கா பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். தலைவலி என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை முதலில் அவசரத்திடம்தான் போனார். நேரே டாக்டரம்மாவிடம் போனால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு நியாயம். அவசரம் படங்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

“முயல் ஆன்டிபாடி சரியா வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“நல்ல கணையத்துல போட்டுப் பார்த்தேன். எங்க ஒட்டணுமோ அங்கதான் ஒட்டுது.”

“நீங்க வெட்டிக் குடுங்க, அது போதும். அர்த்தம் என்னன்னு நாங்க பார்த்துக்கறோம்.”

அந்த வார்த்தை அக்காவைச் சுட்டது. படங்களை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படங்களின் மேல் குனிந்தார்.

“எத்தனை பேரோடது பார்த்தீங்க?”

“நாலு பேரு.”

“நாலுலயும் இப்படித்தானா?”

“நாலுலயும்.”

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் இது இரண்டு வருஷ உழைப்பு. ஊரெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. பிறகு திரும்பி, “உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா நீங்க சொன்னீங்கன்னு நானும் ஒத்துக்கக் கூடாது, அவர் சொன்னாருன்னும் ஒத்துக்கக் கூடாது,” என்றார். இரண்டாம் மாடி ஆட்களிடம் சில்லுகளைக் கொடுப்பது, எது நல்லது எது நோயாளியுடையது என்று எழுதாமல் மறைத்துக் கொடுப்பது, அவர்களே சாயமேற்றி அவர்களே செல்களை எண்ணுவது என்று முடிவானது.

அதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அக்காவுக்கு நரகம். அவசரத்துக்கு வேண்டியவர்கள் டீ குடிக்கிற இடத்தில் அக்கா வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். “ரிடையர் ஆகற வயசுல விஞ்ஞானி ஆகணும்னு ஆசை,” என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். அக்கா மதியச் சாப்பாட்டை என் இருட்டறையில் வந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “நான் சொன்னது தப்பா இருந்தா நல்லா இருக்கும், இருட்டு,” என்றார். நான் புரியாமல் பார்த்தேன். “நிஜமாத்தான். அந்தப் பையன் ஜெயிக்கட்டும். என் தம்பியும் பிழைச்சுப்பான்.”

ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இரண்டாம் மாடியிலிருந்து வந்த எண்கள் அக்காவின் எண்களை அப்படியே ஒத்திருந்தன. டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, கைதட்டுகிற செய்தியும் இல்லை அது. அவசரம் அன்று படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

அடுத்தநாள் மதியம் அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தம்பி வேலை செய்கிற இடத்துக்கே போனார். விடுமுறையில் காலியாக இருந்த ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைச் சுவருக்கு இளமஞ்சள் உருட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சுகள் எல்லாம் நடுவே குவிந்து, மேலே துணி போர்த்தியிருந்தது.

“என்ன அக்கா, இங்க? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. அன்னிக்கு ஒண்ணு சொன்னேனே, அது தப்புடா.”

அவன் உருளையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

“தூங்கல. அது வேற செல்லு. நாங்கதான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டோம்.”

“கண்டுபிடிச்சது யாரு?”

“நான்தான்.”

“இருக்குன்னு சொன்னதும் நீ. இல்லைன்னு சொல்றதும் நீ.” உருளை மேலும் கீழும் போய்வந்தது. “எனக்குச் சொன்னே, சரி. அவளுக்கு முன்னாடி ஏன் சொன்னே? அவ ஒரு மாசமா எப்படி இருக்கா தெரியுமா? பாட்டுப் பாடிக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கறா. இப்போ யாரு போய்ச் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“வேண்டாம். நான் சொல்லிக்கறேன்.” உருளையைப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டே, “முதல்ல சொல்லியிருக்கவே கூடாது நீ,” என்றான்.

“கூடாதுதான்.”

அக்கா பெஞ்சுக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவன் அந்தச் சுவரை முடிக்கிற வரையில் அங்கேயே இருந்தார். அதன்பின் பதினொரு நாள் தம்பி மாடிக்கு வரவில்லை. டிபன் கேரியர் மட்டும் வந்தது, தம்பி மனைவி கையால். அவள் கண் வீங்கியிருந்தது. “உப்பு சரியா இருக்கா பாருங்க அண்ணி,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவாள்.

பன்னிரண்டாம் நாள் தம்பியே படியேறி வந்தான். வாசலிலேயே நின்றான்.

“உங்க மெஷின்ல அது எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?”

“எது?”

“இருக்கறது, இல்லாதது, எல்லாம். நான் பார்க்கணும்.”

டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டோம். “தாராளமா கூட்டிட்டு வாங்க,” என்றார். ஒரு வியாழக்கிழமை மதியம் தம்பி வந்தான், கழுவியும் போகாத மஞ்சள் பெயிண்ட் நகத்தோரங்களில் ஒட்டியிருக்க. உட்கார வைத்து, நான் முதலில் நோயில்லாதவரின் திட்டு ஒன்றைத் திரையில் கொண்டுவந்தேன். சிவப்பு அடர்ந்து கிடந்தது, அதற்கிடையில் நீலம் அங்கங்கே. அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனான்.

“இவ்வளவா!” என்றான்.

“சிவப்பெல்லாம் இன்சுலின்,” என்றார் அக்கா.

“இப்போ அந்த இல்லாதது.”

மாற்றினேன். திட்டு சுருங்கிச் சின்னதாகியிருந்தது. நீலம் மட்டும்.

“சிவப்பே இல்லையே,” என்றான் தம்பி. வண்ணக்காரன் கண், ஒரு மூலை விடாமல் தேடினான். “இது என்னோடது மாதிரியா?”

“உன்னை மாதிரி ஒருத்தரோடது.”

“எத்தனை வருஷம் இருந்தாரு?”

“இந்த நோயோட முப்பத்தொண்ணு.”

“நான் முப்பத்தாறு. முந்திட்டேன்.” சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அவரு வீட்டுக்காரங்க குடுத்தாங்களா இதை?” என்று கேட்டான். அக்கா தலையாட்டினார். அவன் திரையைப் பார்த்து லேசாகக் குனிந்தான், வணங்குகிறானா, இன்னும் கூர்ந்து பார்க்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

“நீலம் என்ன பண்ணும்?”

“சர்க்கரை ரொம்ப இறங்கிட்டா ஏத்தி விடும்.”

“அப்படியா? எனக்கு இறங்கும்போது இதுங்க எங்க போச்சு? போன மாசம்கூட நடுரோட்டுல உட்கார்ந்துட்டேனே. இவ்வளவு பேரு உள்ளே சும்மாவா உட்கார்ந்திருந்தாங்க?”

“தெரியலடா,” என்றார் அக்கா. அப்போதுதான் கதவு திறந்தது. அவசரம். அவருக்கு அன்று இரண்டு மணிக்கு மைக்ரோஸ்கோப் முறை. அக்காவோடு அவர் சரியாகப் பேசி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. ஆனால் அதற்குள் அவர் வேலையின் திசை மாறியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு இன்சுலின் செல்லை மட்டும் காட்டாவிட்டால் என்ன? திட்டில் உள்ள இன்சுலின், குளூகோகான் செல்கள் இரண்டின் தோலிலும் ஒட்டுகிறது, வெளியே இருக்கும் செரிமானச் செல் ஒன்றிலும் ஒட்டுவதில்லை. செரிமானச் செல்களின் பெருங்கூட்டத்திலிருந்து திட்டுச் செல்களை உயிரோடு பிரித்தெடுக்க அது நல்ல கருவி. கட்டுரையை அப்படித் திருத்தி எழுதினார்கள். பெருமை குறைந்த கட்டுரை, ஆனால் உண்மையானது. எழுதியவர் பட்டியலில் அக்காவின் பெயரையும் சேர்க்கச் சொன்னது அவசரம்தான் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அக்காவிடம் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இன்று பல ஊர் ஆய்வகங்களுக்கு அந்த ஆன்டிபாடி போகிறது. கூடவே ஒரு தாளும் போகிறது: இரண்டு துண்டுக்கும் கேமராவில் ஒரே எண் வையுங்கள், முயலில் உண்டானதைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள் என்று. அந்தத் தாளை எழுதியவர் அக்கா.

அன்று அவசரம் வாசலில் தயங்கி நின்றார். தம்பியை யாரென்று தெரியாது. திரையில் அந்த நீலத்தைப் பார்த்தார்.

“என் தம்பி,” என்றார் அக்கா. “முப்பத்தாறு வருஷமா ஊசி.”

அவசரத்தின் முகத்தில் ஏதோ மாறியது. “அந்தச் செல்லுங்க ஏன் சும்மா இருக்குன்னுதானே கேட்டீங்க? வெளியில கேட்டுது,” என்றார் தம்பியிடம். “எனக்கும் தெரியாதுங்க. இப்போ நான் அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். சிவப்பு பக்கத்துல இல்லாம போனதும் இதுங்களுக்கு எப்போ ஏத்தணும்னு தெரியாம போயிடுதோன்னு ஒரு சந்தேகம்.” பிறகு அக்காவைப் பார்த்து, “அக்கா, அடுத்த துண்டு எல்லாம் முதல்ல நீங்க பார்த்துட்டுத்தான் எனக்குக் குடுக்கணும்,” என்றார். அக்கா, “ம்,” என்றார்.

அவசரம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். “சர்க்கரை இறங்கும்போது உங்களுக்கு முதல்ல என்ன தெரியும்? கையா, கண்ணா?”

“முன்னெல்லாம் கை நடுங்கும் சார். இப்போ அதுவும் இல்ல. திடீர்னு சுவரு கலர் மாறின மாதிரி இருக்கும்…” என்று தம்பி சொல்ல ஆரம்பித்தான். இத்தனை வருஷத்தில் டாக்டர்கள் எல்லாம் அவனிடம் எண்ணைத்தான் கேட்டார்கள். எப்படி இருக்கும் என்று இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் இவர்தான் என்று பின்னால் அக்காவிடம் சொன்னானாம். அவசரம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே கேட்டார். அக்கா பெஞ்சில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி முறைக்காரர் வந்து கதவைத் திறந்தார். இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் என்று நான் கை காட்டினேன்.